காலுக்குத் தெரிகிற ஓரம்

அந்த அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கடப்பைக் கல்லின் மேல் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். கல் ஈரமாக இருந்தது. புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தார். முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது, நடுவில் பேசக்கூடாது என்று நான் கேட் அருகிலேயே நின்றுவிட்டேன். சற்று நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்துக் கொஞ்சமும் கூச்சப்படாமல், "இது வழுக்குது. அடுத்ததைக் காட்டுங்க" என்றார்.

நான் சிவில் டிப்ளமோ முடித்துத் தஞ்சாவூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாபநாசத்துக்கு இந்தப் பக்கம், குடமுருட்டிக் கரையில் இருந்தது அக்காவின் ஊர். அந்தத் தெருவில் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக மாடி வீடுகளாகிக்கொண்டிருந்த சமயம். அக்காவின் கணவர் அங்கே ஒரு பெரிய ஓட்டலில் வேலை செய்தார். பழைய வீட்டுக்குப் பின்னால் கொல்லையில் புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதன் நடு முற்றத்தில் ஒரு நீச்சல் குளம். நூறு அடி நடந்தால் ஆறு ஓடுகிற ஊரில் வீட்டுக்குள் குளம் கட்டுகிறாரே என்று ஊரே கேலி பேசியது. குழி வெட்டிக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. ஓரத்துக்கு என்ன கல், எந்த மாதிரி என்பதில்தான் வேலை மூன்று மாதமாக நின்றுகொண்டிருந்தது. "பொம்பளைங்க இருக்கிற வீடு, நீயே போ. அந்தம்மாவை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்துட்டுத்தான் திரும்பணும்" என்று முதலாளி என்னை அனுப்பியிருந்தார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதை யாரும் முதலிலேயே சொல்லவில்லை. அக்காவின் மாமனாருக்குக் கண் தெரியாது. நரம்பு பட்டுவிட்டது, இனிமேல் வராது என்று டாக்டர் கைவிரித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். இது அவருக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அக்காவின் மகள் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாள், அவளுக்கும் தெரியாது. பெரியவர் ஒரு காலத்தில் பினாங்கில் கடை வைத்திருந்தவர். தகப்பனாருக்கு முடியவில்லை என்று தந்தி வர, கடையை அப்படியே விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தார். அப்புறம் திரும்பிப் போகவே முடியவில்லை. "நான் ஒருத்தன் பாதியில வந்தது போதும். தெரிஞ்சா அவன் அன்னிக்கே வேலையை விட்டுட்டு வந்துடுவான்" என்று சொல்லி, மகனுக்குத் தெரியப்படுத்தக் கூடாதென்று மருமகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மகன் கடைசியாக வந்துபோய் மூன்று வருஷமாகியிருந்தது.

இது எதுவும் தெரியாமல் நான் அன்றைக்கு ஆறு வகைக் கல்லை முன்னதாகவே வண்டியில் அனுப்பித் தரையில் பரப்பச் சொல்லியிருந்தேன். கடப்பை, கோட்டா, பாலீஷ் போட்ட கறுப்பு கிரானைட், நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய சாம்பல் கிரானைட், வெள்ளைப் பளிங்கு, முனை உருட்டிய பீங்கான் ஓடு. அக்கா ஒவ்வொன்றின் மேலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். பிறகு சீயக்காய் கரைத்த தண்ணீர் ஊற்றினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏறி நின்று, கட்டைவிரலால் கல்லின் விளிம்பைத் தேடினார். ஆறுமே தோற்றுவிட்டன. சாம்பல் கிரானைட் மட்டும் வழுக்கவில்லை. ஆனால் அதிலும் திருப்தியில்லை.

"இது எங்க முடியுதுன்னு காலுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"கண்ணால பார்த்தாலே தெரியுமேக்கா."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ராத்திரி கரண்டு போச்சுன்னா?" என்றார். எமர்ஜென்சி லைட் வைத்துக்கொள்ளலாம் என்றேன். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம்.

அவரிடம் எதைச் சொன்னாலும் "விழுந்தா?" என்று ஒரு கேள்வி வரும். படி வைக்கலாம் என்றால் படியில் கால் தவறி விழுந்தால். புல் வளர்க்கலாம் என்றால் பனியில் சறுக்கி விழுந்தால். குளத்தைச் சுற்றி இடுப்புயரத்துக்குக் கம்பி அடைத்துவிட்டால் என்ன என்று அவரே ஒருநாள் கேட்டார். கணவரிடம் போனில் கேட்டதற்கு, "கிணத்துக்குத்தான் சுவர் வைப்பாங்க. இது நீச்சல் குளம்" என்று சிரித்துவிட்டாராம். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. ஏன் கம்பி வேண்டும் என்று சொல்ல முடியாதே.

வீட்டிலும் அவருடைய கெடுபிடிகள் எனக்கு வேடிக்கையாக இருக்கும். நடைவழியில் ஒரு செருப்பு கிடக்கக் கூடாது. குடத்தை எடுத்த இடத்தில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை நான் சுருட்டி வைத்த வரைபடத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்தேன், அது சரிந்து வழியில் விழுந்தது. அவர் ஓடிவந்து எடுத்த வேகத்தைப் பார்த்தால் பாம்பைப் பார்த்தவர் மாதிரி இருந்தது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் "நான்தான் மாமா" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டுதான் நுழைவார். மாமனாருக்கு மீனை முள் எடுத்து வைப்பார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மருமகளா என்று என் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா என் அண்ணியை அழைத்து, அவள் கேட்கும்படி என்னை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னாள்.

பெரியவர் என் ஸ்கூட்டி சத்தம் கேட்டதுமே "வாம்மா இன்ஜினியர்" என்பார். ஒருநாள் வண்டி ரிப்பேராகிப் பஸ்ஸில் போனேன். எதிரே போய் நின்று கும்பிட்டேன். அவர் என்னைத் தாண்டி முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு திமிர் என்று நினைத்துக்கொண்டேன். கையில் எப்போதும் பேப்பர் இருக்கும், வருகிறவர்களிடமெல்லாம் அன்றைய செய்தியைக் கிண்டல் கலந்து சொல்வார். காலையில் அடுப்படியில் வைத்து அக்கா வாசித்துக் காட்டிய செய்திகள் அவை. ஒருநாள் அவர் சொன்ன செய்தியைப் பேப்பரை வாங்கித் தேடினேன். இல்லை. அது முந்தின நாள் பேப்பர். அக்கா மாற்றிக் கொடுத்துவிட்டிருந்தார். வயதானவர்தானே, பழைய பேப்பரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்ததோடு சரி. கண்ணெதிரே இருந்ததை நான்தான் பார்க்கவில்லை.

அக்காவின் கணவர் வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ முடிந்து போன் செய்வார். அன்று நான் அங்கே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊருக்கு வந்த யாரோ ஒருவர் மூலம் ஓரங்களின் போட்டோக்களைக் கொடுத்தனுப்பி, பின்பக்கம் நம்பர் போட்டிருந்தார். ஒன்று செங்கல் ஓரம், இரண்டு உருண்டை ஓரம், மூன்று மரப்பலகை. அவருடைய மனசு முழுக்க நாலாம் நம்பரில், அவர் வேலை செய்யும் ஓட்டலின் குளத்தில் இருந்தது.

"மேடம், நாலைப் பார்த்தீங்களா? தண்ணி எங்க முடியுது, தரை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. ஒரே கறுப்பு. அதான் அழகு."

தண்ணீர் விளிம்பு வரை நிறைந்து, விளிம்பைத் தாண்டி வழிந்து, ஒட்டினாற்போல் இருக்கும் ஒரு சின்ன வாய்க்காலில் இறங்கி, மோட்டார் வழியாகத் திரும்ப உள்ளே வரும். வாய்க்காலின் மேல் அதே கறுப்புக் கல்லில் மூடி போட்டுவிட்டால் எதுவுமே தெரியாது.

"பதினாறு வருஷமா அந்த ஓரத்தைத் தேய்ச்சிருக்கேன் மேடம். ஆள் வர்றதுக்கு முன்னால, விடியறப்ப, பிரஷ் வச்சிக்கிட்டு. இப்ப சூப்பர்வைசர் ஆயிட்டேன். ஆனா இன்னிக்கு வரைக்கும் அந்த ஓரத்துல உட்கார்ந்து காலை நனைச்சதில்ல. விடமாட்டாங்க."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.  அந்த நிமிஷமே நான் அவர் கட்சிக்குப் போய்விட்டேன். அக்கா போனை வாங்கி, "உங்க இஷ்டம் போலச் செய்ங்க, எனக்கென்ன" என்றார். வைத்த கையோடு என்னிடம், "கொஞ்சம் பொறுங்க, இப்ப ஆரம்பிக்காதீங்க" என்றார். இந்த இரட்டை நாக்குதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பொறுத்திருக்கிற நேரத்துக்கு ஒரு வேலையும் கொடுத்தார். "எங்க பள்ளிவாசல் ஹவுள் ஓரத்துக் கல்லைப் பார்த்துட்டு வந்து அதே மாதிரி வரைஞ்சு காட்டுங்க." ஹவுள் என்பது தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்கிற தண்ணீர்த் தொட்டி. அவரே அப்படியொரு தொட்டியைச் சின்ன வயதில், தன் அம்மா ஊரில் பார்த்ததோடு சரி. பகல் தொழுகை முடிந்து ஆள் கலைந்த நேரத்தில் போனேன். பாங்கு சொல்லும் மோதினார் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டுத் தூணருகே நின்றுகொண்டார். தொட்டியின் ஓரக்கல் அம்மி மாதிரிப் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருந்தது. அதற்கு முன்னால், கால் கழுவிய தண்ணீர் ஓட, நாலு விரல் ஆழத்தில் வழவழவென்று குழிந்த ஒரு வாய்க்கால். நடந்து போகிறவன் முதலில் அந்தக் குழிவில் கால் வைப்பான், அப்புறம்தான் கல், அப்புறம்தான் தண்ணீர்.

"எத்தனை வயசாளிங்க விடியக்காலம் இருட்டுல வர்றாங்க. ஒருத்தர் விழுந்ததில்ல" என்றார் மோதினார். "உங்களை அனுப்பிச்ச வீட்டுப் பெரியவர் இருக்காரே, காலால தடவிட்டுத்தான் உட்காருவார்."

அதையும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். வரைந்தும் காட்டினேன். முதலாளி பார்த்துவிட்டு, "ஓட்டல் மாதிரி கேட்டவருக்குப் பள்ளிவாசல் தொட்டியைக் கட்டிக் கொடுக்கச் சொல்றியா?" என்று கேட்டார். படத்தை மடித்து வைத்துவிட்டேன்.

ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் கொல்லையில் ஊற்றெடுக்கும், காலித் தொட்டியை அது மேலே தூக்கிவிடும் என்று முதலாளிக்குப் பயம். அந்தச் சமயம் அக்காவின் தங்கைக்குப் பிரசவம். பத்து நாள் கூத்தாநல்லூர் போனார். மாமனாரையும் கூட்டிக்கொண்டு போனார். "இடுப்புல முடிஞ்சிக்கிட்டே போறாங்க" என்று நான் மேஸ்திரியிடம் சொல்லிச் சிரித்தேன். வெள்ளிக்கிழமை போன் வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். "ஆரம்பிச்சிடுங்க மேடம். அவ அப்படித்தான், எதுக்கும் பயப்படுவா" என்றார் அவர். ஆரம்பித்துவிட்டேன். மிச்சமிருந்த நாட்களில் முற்றம் முழுக்கக் கறுப்புக் கல் பதித்து, வாய்க்காலுக்கு மூடி போட்டு, எல்லாம் ஒரே மட்டத்தில் கண்ணாடியாக முடித்துவிட்டேன். அக்கா திரும்பி வந்து பார்த்தால் அசந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் வந்தார், பார்த்தார். செருப்பைக் கழற்றினார். மாமனாருக்கென்று ஒதுக்கியிருந்த அறையின் வாசலுக்குப் போய் முதுகை நிலையில் ஒட்டி நின்றார். கண்ணை மூடினார். முற்றத்தின் அந்தக் கோடியில் ஒளு செய்வதற்கு ஒரு குழாய் இருந்தது. பழைய கிணற்றடியில் இருந்த அதே இடத்தில்தான் வேண்டும் என்று பெரியவர் அடம்பிடித்து வைத்த குழாய். அதை நோக்கி அக்கா நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு அடியையும் வாய்விட்டு எண்ணினார். எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. ஏழு, எட்டு. கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்தார். பதினொன்று. "அக்கா, போதும்" என்றேன். பன்னிரண்டு. பதிமூன்று. பதினாலாவது அடி காற்றில் இருந்தது. கீழே ஐந்தரை அடிக்கு வெறும் கான்கிரீட்.

நான் முந்தானையைப் பிடித்தேனா, கையைப் பிடித்தேனா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஓரத்திலேயே விழுந்தோம். என் முழங்கை உரிந்துவிட்டது. அக்கா எழுந்திருக்கவில்லை. கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்தபடியே பேசினார்.

"மாமாவுக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு வருஷமாச்சு. யார்கிட்டயும் சொல்லிடாத."

அதுவரை என்னை நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். அன்றைக்குத்தான் நீ என்றார்.

"இன்னும் மூணு வாரத்துல அவங்க லீவுல வந்துடுவாங்க. குடி வந்த மறுநாள் விடியக்காலம் மாமா இந்தக் கதவைத் திறந்துக்கிட்டுக் குழாய்க்கு நடப்பாங்க. கையைப் பிடிக்க விடமாட்டாங்க. நான் முழிச்சிருந்தாப் பரவாயில்ல. ஒருநாள் அசந்துட்டேன்னா?"

 முருங்கை மரம், பழைய பேப்பர், மோதினார் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. மறுநாள் மடித்து வைத்த படத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வாய்க்கால் ஏற்கெனவே இருக்கிறது. மூடியை எடுத்துவிட்டு, ஆழத்தைக் குறைத்து, பள்ளிவாசலில் இருப்பது போலக் குழிவாகப் பூசிவிட்டால் அந்த வேலை முடிந்தது. கல்லைத்தான் மாற்ற முடியாது. அக்கா சொன்னார்: "அம்மி கொத்துறவளைக் கூப்பிட்டா என்ன?" தெருவில் அம்மி கொத்திப் போகும் ஒரு அம்மாள் இருந்தார். உளியும் சுத்தியலுமாக வந்து உட்கார்ந்து, இவ்வளவு பெரிய அம்மியை நான் கொத்தினதே இல்லை என்று சொல்லிக்கொண்டே, குளத்தைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்குக் கொத்தினார். கொத்திய இடம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. அக்கா முகமும் வெளுத்துவிட்டது. இதைப் பார்த்தால் கணவர் கேட்க மாட்டாரா? நான் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அதன் மேல் ஊற்றினேன். சாம்பல் மறைந்து, பக்கத்துப் பாலீஷ் கல்லைப் போலவே கறுத்தது. குளம் நிறைந்து வழிந்துகொண்டிருக்கும்வரை அந்த ஓரம் காயப்போவதில்லை. கண்ணுக்கு அவர் கேட்ட நாலாம் நம்பர், காலுக்குப் பள்ளிவாசல் ஹவுள்.

அக்கா கண்ணை மூடி நடந்து பார்த்தார். ஒருமுறை அல்ல, இருபது முறை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கால் முதலில் கொத்தலில் பட்டது, அப்புறம் குழிவில் இறங்கியது, அங்கேயே நின்றது. இருபதாவது முறை கண்ணைத் திறந்துவிட்டு, "பயம் போகல. ஆனா குறைஞ்சிருக்கு" என்றார். மூடி என்னவாயிற்று என்று அவர் கணவர் போனில் கேட்டதற்கு, தென்னம்பாளையும் வேப்பிலையும் விழுந்து அடைக்கிறது என்று சொன்னேன். "ஆமா, அங்க மரமே கிடையாதே" என்று ஒப்புக்கொண்டார்.

அவர் வந்தார். கட்டையாக, அமைதியாக, கைகள் வெந்து வெளுத்த மாதிரி இருந்த மனிதர். வந்த அன்று முழுவதும் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தார். போர்த் தண்ணீர்தான், ஆனால் பார்வைக்குப் பளிங்காக இருந்தது. அக்கா மாமனாரின் காதருகே போய், "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு மாமா" என்று சொல்லி வைத்தார். இப்படித்தான் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிச் சொல்லி கணவரின் நாற்பது நாள் லீவையும் கடத்திவிடலாம் என்பது அவர் கணக்கு.

சாயங்காலம் அக்காவின் கணவர் தான் கொண்டுவந்திருந்த குளோரின் பொடியைத் தண்ணீரில் போட்டார். அங்கே பதினாறு வருஷம் போட்ட கைதான். ஆனால் அங்கே கடல் தண்ணீரைச் சுத்தம் செய்து விடுகிறார்கள், இங்கே போர்த் தண்ணீரில் இரும்பு, குளோரின் பட்டால் சிவந்துவிடும். மறுநாள் காலை, குடிபுகும் நாளன்று, குளம் முழுக்கப் பால் விடாத டீ நிறம். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அக்கா பிரியாணிச் சட்டிக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். மாமனாரிடம், தண்ணீர் நிறம் மாறிய அன்றைய செய்தியைச் சொல்ல மறந்துவிட்டார்.

பெரியவர் புது வேட்டியில், மகனின் தோளில் கைவைத்தபடி குளத்தருகே வந்தார். முழங்கால் வலி என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தது. கொத்தலில் கால் பட்டது, குழிவில் இறங்கியது, நின்றது. நான் அப்போதுதான் மூச்சுவிட்டேன். அவர் குளத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

"தம்பி, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குடா. அடி தெரியுது."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவரின் கிண்டல் ஊரறிந்தது. பிரியாணிக் கரண்டியோடு வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார். மகன் சிரிக்கவில்லை. தகப்பனாரின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய பாதத்தைப் பார்த்தார். குனிந்து, ஓரத்துக் கல்லில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தேய்த்தார். பதினாறு வருஷம் ஓரம் தேய்த்த கைக்கு அது என்ன கல், ஏன் இப்படி என்று தெரியாமல் இருக்குமா? நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"ஆமா அத்தா. நல்லாத் தெளிவா இருக்கு" என்றார் தகப்பனாரிடம்.

அக்காவுக்கு அது கேட்கவில்லை. கூட்டம் சிரித்த சிரிப்பில் தப்பித்தோம் என்றே அவர் நம்பினார். நானும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் நினைத்தது தப்பாக இருந்து, இல்லாத பயத்தைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்துப் போனபோது அக்காவே சொன்னார்: "தினம் விடியக்காலம் அவங்களும் எந்திரிச்சி வந்து குளத்தோரத்துல உட்கார்ந்துக்கிறாங்க. தூக்கம் வரலையாம். மாமாவை உத்துப் பார்த்துடுவாங்களோன்னு எனக்கு நெஞ்சு பதறுது." அவர் ஏன் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. அக்கா விரலில் ஒவ்வொரு நாளாகக் கழித்துக்கொண்டிருந்தார். முப்பது, இருபது, ஐந்து. நாற்பதாவது நாள் அவரைத் திருச்சியில் விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, அன்றைக்குத்தான் முழுசாகச் சோறு தின்றேன் என்று என்னிடம் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவின் கணவர் எங்கள் ஆபீஸுக்குப் போன் செய்தார். என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"மேடம், அத்தா ரூம் வாசல்லேருந்து குழாய் வரைக்கும் ஒரு அடி அகலத்துக்கு அதே மாதிரி கொத்திடுங்க. வளைஞ்சு போகாம நேரா இருக்கட்டும். நான் சொன்னேன்னு வீட்டுல சொல்ல வேண்டாம். அத்தா அவகிட்ட சத்தியம் வாங்கியிருப்பாங்க, அவ அதைக் காப்பாத்திட்டதாவே இருக்கட்டும்."

 அவ்வளவு சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அம்மி கொத்துகிற அம்மாளை மறுபடி கூப்பிட்டேன். அக்கா சந்தைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் வேலையை முடித்தோம். அவர் வந்து பார்த்தார். பையைக் கீழே வைத்தார், வழியில் அல்ல, சுவரோரமாக. செருப்பைக் கழற்றிவிட்டு, அறை வாசலில் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கொத்தல் பாதையின் மேல் நடந்தார். பாதி வழியில் நின்றார்.

"இதை யார் சொல்லிச் செஞ்ச?"

"நானாத்தான்க்கா."

"பொய் சொல்லாத. உனக்கு இவ்வளவு நேரா யோசிக்கத் தெரியாது."

நான் விளக்குமாற்றை எடுத்துக் கொத்தல் தூளைக் கூட்ட ஆரம்பித்தேன். அதுவே பதிலாகிவிட்டது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. கால்விரல்கள் மட்டும் கல்லைப் பற்றுவதுபோல் மடங்கின.

"தெரிஞ்சுமா போனாங்க?" என்றார்.

அறைக்குள்ளிருந்து பெரியவர், "யாரும்மா அங்க?" என்று கேட்டார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் வழக்கமான அந்த உரத்த குரலில், "நான்தான் மாமா" என்றார்.